படிகாரம் போட்ட மீன்தொட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசற்படி தாண்டியதும் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். கூடம் முழுக்க ஈரமாக இருக்கும். நடுவில் பக்கெட்டுகள் நிற்கும். என் தையல் மிஷினுக்கு நேர் எதிரே, இரும்பு ஸ்டாண்டின் மேல் இருக்கிற மூன்றடி மீன்தொட்டியைச் சுத்தம் செய்கிற நாள் அது.

முதலில் ஃபில்டரின் ஸ்விட்சை அணைப்பேன். காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஒன்றால் கண்ணாடியில் படிந்த பச்சையை மேலிருந்து கீழாக வழித்தெடுப்பேன். பழுத்த இலைகளை மட்டும் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுவேன். அந்தக் கத்தரிக்கோல் துணியைத் தொடாது, துணி வெட்டுகிற கத்தரிக்கோல் தண்ணீரில் இறங்காது. பிறகு டியூபின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையில் வாய் வைத்து இழுக்க வேண்டும். தண்ணீர் வாய்க்கு வருவதற்குள் டியூபைப் பக்கெட்டில் விட்டுவிட வேண்டும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பாதி நாள் நான் தோற்றுப்போவேன். "மீனு குளிச்ச தண்ணி எப்படி இருக்குது?" என்று என் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்பார். "நீங்க போட்ட டீயவிட நல்லா இருக்குது" என்பேன். ஞாயிற்றுக்கிழமை டீ அவர் முறை.

மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இப்படி வெளியே எடுத்துவிட்டு, முந்தின நாளே பிடித்துவைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். நேராகக் கொட்டினால் அடிமண் கிளம்பிவிடும். அதனால் ஒரு பீங்கான் தட்டை உள்ளே பிடித்து, அதன்மேல் மெதுவாக ஊற்றுவேன். விளிம்பு கோணிப்போன தட்டு. எங்கள் வீட்டில் கோணாத பீங்கான் சாமானே கிடையாது. கணவருக்குத் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் யூனிட்டில் சூளை வேலை. நல்ல சாமான் வைக்கோல் சுற்றி லாரி ஏறி ஊர் ஊராகப் போகும். கோணலும் கீறலும் எங்கள் வீட்டுக்கு வரும். மொட்டை மாடியில் ஓரம் வளைந்த வாஷ்பேசின் ஒன்றின் ஓட்டையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, தொட்டியில் வெட்டிய செடிகளை அதில் போட்டு வளர்க்கிறேன். நாலைந்து கப்பி மீன்களும் அதில் குடியிருக்கின்றன.

ஃபில்டரைச் சுத்தம் செய்வதுதான் இந்த வேலையில் நுட்பமானது. கடையில் விற்கிற வெள்ளை வளையங்களுக்குப் பதிலாக அதற்குள் நான் போட்டிருப்பது பிஸ்கட் துண்டுகள். எங்கள் ஊரில், ஒரே ஒரு முறை சுட்டு, பளபளப்பு ஏற்றாமல் விட்ட பீங்கானுக்கு அதுதான் பெயர். நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு நுண்ணிய துளைகள். அந்தத் துளைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேறி, மீனின் கழிவை விஷமில்லாததாக மாற்றிக்கொண்டே இருக்கும். அவை வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். குழாய்த் தண்ணீரில் ஒரு தரம் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் எல்லாம் போய்விடும். ஆகவே பழுப்பேறி வழவழவென்று, தொடவே கூசுகிற மாதிரி இருக்கும் அந்தத் துண்டுகளைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பட்டும் படாமலும் அலசி, அப்படியே திரும்ப வைப்பேன்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளானது. நான் சுத்தக்காரி. என் வீட்டுத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். சுத்தம் என்றால் அழுக்கை ஒட்டுமொத்தமாக ஒழிப்பது என்று நினைத்து வளர்ந்தவளுக்கு, பாதி அழுக்கை மரியாதையாக விட்டுவைக்க வேண்டும் என்பது எளிதில் ஏறவில்லை. எவ்வளவு எடுப்பது என்பதைவிட எதைத் தொடாமல் விடுவது என்பதுதான் அதில் வித்தை.

தொட்டி வந்த கதை பெரிதில்லை. மகள் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போன வருஷம், எனக்கு ஓயாமல் தலைவலி. கண் டாக்டர், ஊசியையே பார்த்துக்கொண்டிருக்காமல் அவ்வப்போது நிமிர்ந்து தூரத்தில் பச்சையாக எதையாவது பாருங்கள் என்றார். நிமிர்ந்தால் எனக்கு எதிரே சுவர்தான். அந்தச் சமயத்தில் நெய்வேலி குவார்ட்டர்ஸில் ரிட்டயராகி ஊருக்குப் போகிற ஒரு குடும்பம், என்னிடம் ரவிக்கை தைப்பவர்கள், தங்கள் தொட்டியை ஸ்டாண்டோடு எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் முதலில் போட்ட மீனெல்லாம் என் அதிகப்படியான சுத்தத்துக்குப் பலியானது. பிறகு போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றேன். நாடாப் புல் மாதிரி நீண்டு ஆடுகிற செடி, கல்லைக் கட்டிக்கொண்டு வளர்கிற ஜாவா ஃபெர்ன், அடியில் பழுப்பும் பச்சையுமாக ஒரு புதர். நடுவே ஒரு மரவேர். அந்த வேரிலிருந்து சாயம் இறங்கி, தண்ணீர் லேசான டீ நிறத்தில் இருக்கும். அது மீனுக்கு நல்லது. அளவெடுக்க வருகிற பெண்கள், "தண்ணியே மாத்தலியா அக்கா, கலங்கலா இருக்குது?" என்பார்கள். "உன் இடுப்பு அளவு எவ்வளவு மாறியிருக்குதுன்னு நான் கேட்டேனா?" என்பேன். அதற்குப் பிறகு தண்ணீரைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

என் வாய் அப்படி. பால்காரர், கேபிள்காரர், கணவர், மகள், யாரும் தப்பியதில்லை. எனக்கு யாரையாவது பிடித்துவிட்டால் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். என் கணவர் நேர் எதிர். வீட்டில் பேச்சு முற்றினால் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகச் செருப்பை மாட்டிக்கொண்டு சூளைக்குப் போய்விடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "ஒரே ஒரு விஷயம் கேக்கறேன், தட்டாத" என்றார். அவருடைய அக்காவைப் பற்றியது. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணியும் இதே ஊரில் பீங்கான் வேலைக்குப் போனவர். கட்டிக்கொடுத்தது மங்களூர் பக்கம், கடற்கரை மங்களூர் இல்லை, எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர். பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் போன பிறகு தனியாகவே இருந்தார். ஒரு நாள் மயக்கம் வந்து குழாயடியில் விழுந்து, பக்கத்து வயலில் களையெடுக்க வந்தவர்கள் பார்க்கும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். தனியாக இருக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"அக்கா இனிமே இங்கதான் இருக்கணும். ஆனா அது ரோஷக்காரி. ஒரு சொல்லு தாங்காது, பையத் தூக்கிட்டுக் கெளம்பிரும். அங்க போனா இன்னொரு தரம் வுழும். அதுகிட்ட மட்டும் உன் வாயக் காட்டாத" என்றார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

அண்ணி ஒரு கட்டைப் பையோடு வந்தார். "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேம்மா. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான்" என்றார். மகளுடைய அறையைக் கொடுத்தோம். அலமாரியில் ஒரு தட்டைக் காலிசெய்து வைத்தேன். அதில் அவர் ஒரு புடவைகூட அடுக்கவில்லை. பை கதவின் பின்னால் ஆணியில் தொங்கியது. எடுக்கிற துணியை அதிலிருந்து எடுப்பார், துவைத்து மடித்து அதிலேயே வைப்பார். வாரம் மாதமாகியும் அப்படியே.

நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. அண்ணி கேஸ் அடுப்பைச் சிறியதாக்காமல் பால் பொங்கவிட்டால், "பரவால்ல அண்ணி" என்று துடைத்தேன். நான் கட்டிங் போட்டு வைத்த துணியை மடித்து வைக்கிறேன் என்று முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கலந்துவிட்டால், "அதனால என்னா அண்ணி" என்றேன். அண்ணியின் உடம்பை விசாரிக்க வந்த நல்லூர் சொந்தக்காரர்கள் என் கணவரிடம், "உன் பொண்டாட்டிக்கு எம்மாம் பொறுமை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவருக்குக் குடித்த டீ புரையேறியது. அண்ணியும் எதற்கும் என்னிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். ஃபேன் போடட்டுமா, ஒரு வாய் காபி எடுத்துக்கட்டுமா, இந்தப் பேப்பரைப் படிக்கட்டுமா. "தாராளமா அண்ணி" என்பேன். இரண்டு பேரும் கல்யாண மண்டபத்தில் எதிரெதிரே நிற்கிற சம்பந்திகள் மாதிரி இளித்துக்கொண்டே இருந்தோம். உண்மையைச் சொன்னால், அது எனக்கு மிகவும் களைப்பாக இருந்தது.

மீன்தொட்டியின் எதிரே மட்டும் அண்ணி சற்று இளகுவார். மத்தியானம் நான் தைத்துக்கொண்டிருக்கும்போது நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டே திரிகிற மீசைக்கார மீன் ஒன்று உண்டு. அதைக் காட்டி, "இது எங்க வூட்டுக்காரரு மாதிரி, எப்பப் பாத்தாலும் நெலத்தையே நோண்டிக்கிட்டு" என்று ஒரு முறை சிரித்தார். ஆனால் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நெற்றி சுருங்கும். "கலங்கலாவே இருக்குதேம்மா" என்பார். மரவேரின் சாயம் என்று விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேறு யாராவது என்றால் பிடித்து உட்காரவைத்து முழுப் பாடமும் நடத்தியிருப்பேன். அண்ணி என்பதால் அத்தோடு விட்டுவிட்டேன்.

சேத்தியாத்தோப்பில் என் பெரியம்மா பேத்திக்குக் கல்யாணம் வந்தது. முந்தின நாள் சாயங்காலமே போய், முகூர்த்தம் முடிந்து மறுநாள் மத்தியானம் திரும்புவதாக ஏற்பாடு. அண்ணியைக் கூப்பிட்டோம். கூட்டம் ஆகாது, வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். துணைக்குப் பக்கத்து வீட்டு அம்மாவை வந்து படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "மீனுக்கு ஒண்ணுமே போட வேணாம் அண்ணி, ஒரு நாள் கெடந்தா ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக் கிளம்பினேன். தீனி போட வேண்டாம் என்றேனே தவிர, தொட வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் கதவைத் திறந்ததும் வீட்டில் ஒரு வெளிச்சம். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது, அவ்வளவு தெளிவு. மரவேரைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்திருந்தார்கள், சந்தனக் கட்டை நிறத்தில் இருந்தது. அடியில் கிடந்த கற்கள் ஒவ்வொன்றும் மின்னின. ஃபில்டர் பெட்டிக்குள் பிஸ்கட் துண்டுகள் அன்றைக்குத்தான் சூளையிலிருந்து இறங்கியவை போல வெள்ளை வெளேரென்று இருந்தன. தொட்டிக்குப் பக்கத்தில் அண்ணி நின்றிருந்தார். தலை குளித்து, நல்ல புடவை கட்டி, முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

"கம்பெனில களிமண்ணு கழுவுன தண்ணிய இப்பிடித்தாம்மா தெளிய வெப்போம்" என்றார். "தொட்டியில வுட்டு, படிகாரத்தப் போட்டுக் கலக்கி வுட்டா அழுக்கெல்லாம் அடியில உக்காந்துரும். மறுபடியும் அதே தண்ணிய எடுத்து மண்ணு கரைப்போம். அந்த வேலைய நான்தான் பாத்தேன். என்னாட்டம் யாருக்கும் அளவு தெரியாதும்பாரு மேஸ்திரி. நேத்தே அந்த ஓட்டுத் துண்டையெல்லாம் பிளீச்சிங் பவுடர்ல ஊற வெச்சு, காலையில வெயில்ல காய வெச்சேன்."

மீன்களெல்லாம் தண்ணீர்ப் பரப்பில் வாயை வைத்து மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அதை அவர் கவனிக்கவில்லை, அல்லது விளையாட்டு என்று நினைத்திருக்கிறார். மீசைக்கார மீன் மூலையில் சாய்ந்து கிடந்தது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. கணவர் எனக்குப் பின்னால் நின்று என் முந்தானை நுனியைப் பிடித்து இழுத்தார். அந்த இழுப்பில் அவர் கேட்ட வாக்கு இருந்தது. நான் வார்த்தையை விழுங்கினேன். "ரொம்ப சுத்தமா இருக்குது அண்ணி" என்றேன். தைக்கக் கொடுக்க வந்த பெரிய மனுஷியிடம் பேசுகிற குரல் அது.

பிறகு புடவையைக்கூட மாற்றாமல் வேலையில் இறங்கினேன். வலையை எடுத்து மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, மாடிக்குக் கொண்டுபோய் வாஷ்பேசின் தண்ணீரில் விட்டேன். அது ஊறிப் பழகிய தண்ணீர், செடியும் பாசியுமாகக் கிடப்பது. இருந்த கப்பிகள் ஒதுங்கி இடம் விட்டன. கணவர் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து மாற்றினார். படிகாரம் தண்ணீரைப் புளிப்பாக்கிவிடும், மீனின் செவுளில் பிசின் மாதிரிப் படிந்து மூச்சை அடைக்கும். ஒரு கட்டி போட்டாலே வம்பு. அண்ணி கைநிறையப் போட்டிருந்தார். மாடிக்கும் கீழுக்குமாக நான் ஓடுவதைப் பார்த்து அண்ணியின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"நான் என்னாம்மா பண்ணிட்டேன்?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சில நேரம் இப்பிடி ஆவும். நீங்க போயி உக்காருங்க."

மீசைக்கார மீன் மாடிப்படியிலேயே போய்விட்டது. மற்றவற்றில் பாதி அன்றைக்கும் மறுநாளுமாகப் போயின. செத்த மீனை அண்ணி கண்ணில் படாமல் எடுத்து முருங்கை அடியில் புதைத்தேன். ஆனாலும் அவருக்குத் தெரிந்தது. மீனில்லாத தொட்டியின் எதிரே நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு முன்பைவிட மரியாதை செய்தேன். கேட்பதற்கு முன்னால் காபி கொடுத்தேன். தட்டில் முதல் தோசையை அவருக்கு வைத்தேன். "மனசுல வெச்சுக்காதீங்க அண்ணி" என்று சொல்லிச் சொல்லி எனக்கே சலித்தது. மனசுக்குள் கோபம் அடுப்பு மாதிரி எரிந்துகொண்டிருந்தது, அதன்மேல் மூடியைப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை. கணவர் சூளைக்குப் போயிருந்தார். நான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி கட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"மங்களூர் பக்கம் போற பஸ்ஸு இந்நேரம் கெடைக்குமாம்மா? போயிட்டு வரேன்."

ஊசியை வைத்துவிட்டு எழுந்தேன். "என்னா அண்ணி திடீர்னு? அவரு வந்துரட்டும். நாங்க ஏதாவது குறை வெச்சமா? மீனுக்கா வருத்தப்படுறீங்க? மீனு போனா வாங்கிக்கலாம் அண்ணி."

அண்ணி என்னை நேராகப் பார்த்தார். அத்தனை மாதத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"நீ பால்காரன அந்தப் பேச்சுப் பேசுற. ஒரு நாளு லேட்டா வந்ததுக்கு. எங்க தம்பிய நாளுக்கு நூறு பேச்சுப் பேசுற. போன்ல பெத்த பொண்ணப் போட்டு வாங்குற, அது அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேக்குது. நான் உன் ஆசையா வளத்த மீனையெல்லாம் கொன்னுட்டேன். எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. புதைச்சத ஜன்னல் வழியா பாத்தேன். ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த நீ என்னத் திட்டல. தோசைய மொதல்ல எனக்கு வெக்கிற. வேத்தாளுக்குத்தான அப்பிடி வெப்பாங்க? விருந்தாளியா எம்மாம் நாளும்மா உக்காந்திருக்கிறது? முதுகு வலிக்குது."

குரல் உடையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார்.

எனக்கு அப்போது என்ன ஆனது என்று தெரியவில்லை. யோசித்துச் செய்திருந்தால் அவர் காலைப் பிடித்திருப்பேன். மூடி தெறித்துவிட்டது.

"உங்களுக்கு அறிவு இருக்குதா அண்ணி?" என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். "மீனு கெடக்குற தண்ணியில எந்த ஊருலயாவது படிகாரம் போடுவாங்களா? அது என்னா களிமண்ணா? வாயத் தொறந்து தொறந்து மூடுதே, கண்ணு தெரியல? கம்பெனியில அளவு தெரியுமாம் அளவு! பிளீச்சிங் பவுடரு போட்டீங்களே, அது என்னா கக்கூஸா? ஆறு மாசம் ஆவும் அந்தத் துண்டெல்லாம் மறுபடி ஊற. ஒரு போன் பண்ணிக் கேக்கக் கூடாது? வாயி இருக்குதுல்ல? ஃபேன் போட மட்டும் ஆயிரம் தரம் கேக்குறீங்க! கேக்க வேண்டியதக் கேக்காதீங்க, கேக்க வேண்டாததக் கேட்டு என் உயிர வாங்குங்க! இந்த வூட்டுல ஃபேன் போடுறதுக்கு நான் என்னா கலெக்டரா? இப்ப என்னாடான்னா பையத் தூக்கிக்கிட்டு மங்களூராம். அங்க மயக்கம் வந்து வுழுந்தா யாரு தூக்குவா? உங்க கெணத்து மோட்டாரா தூக்கும்? போன தடவ களையெடுக்க ஆளு வந்துச்சு. அடுத்த தடவ எந்தக் களைக்கு யாரு வருவா? எங்கள இங்க உக்காந்து போன பாத்துக்கிட்டே சாவச் சொல்றீங்களா? என் மீன சாவடிச்சது பத்தாதா?"

கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலே திட்டினேன். மீசைக்கார மீனை எங்கிருந்து எப்படி வாங்கி வந்தேன், பஸ்ஸில் மடியில் வைத்து எப்படிக் கொண்டுவந்தேன் என்பதையெல்லாம் சொல்லிச் சொல்லித் திட்டினேன். பக்கத்து வீட்டு அம்மா வாசலில் எட்டிப் பார்த்தார், அவரையும் "என்னா வேடிக்க?" என்று கேட்டு அனுப்பினேன். கொடுத்த வாக்கு காற்றில் போனது. அண்ணி இனி ஒரு நிமிஷம் நிற்க மாட்டார், கணவர் வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று உள்ளுக்குள் ஒரு பக்கம் பயம் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

ஒரு வழியாக மூச்சு வாங்கி நிறுத்தினேன்.

அண்ணி வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு செருப்பை மாட்டியபடி நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது. அடிபட்டவர் முகம் போலத்தான் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் மாட்டிய செருப்பைக் காலாலேயே உதறினார். தொப்பென்று பையைத் தரையில் போட்டுவிட்டு வந்து, என் தையல் ஸ்டூலில், நான் வைத்திருந்த ரவிக்கையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"சரி. நான் பண்ணது தப்புத்தான்" என்றார். மூச்சை இழுத்துவிட்டார். "ஆனா நானும் ஒண்ணு சொல்லணும். வந்த நாள்லேருந்து தொண்டையிலேயே நிக்குது."

"என்னா?"

"நீ வெக்கிற ரசம் வாயில வெக்க முடியல. புளியக் கரைச்சு அப்பிடியே ஊத்துற. எங்க தம்பி எப்பிடித்தான் இத்தன வருஷமா குடிக்கிறானோ தெரியல."

எனக்குச் சுரீரென்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் ரசத்தை ஒருத்தர் குறை சொன்னதில்லை. சொல்கிற தைரியம் இந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

"அப்போ நாளையிலேருந்து நீங்களே வெச்சுக்குங்க!" என்று கத்தினேன்.

"நாளைக்கு என்னாத்துக்கு? இன்னிக்கே வெக்கிறேன்" என்று அண்ணியும் அதே சத்தத்தில் கத்திக்கொண்டு எழுந்தார். அடுக்களைக்குள் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற ஓசை கேட்டது. "புளிய எங்கடி வெச்சுத் தொலைச்ச?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மேல் தட்டில் இடதுபக்கம் என்று சொல்லிவிட்டு, கீழே விழுந்த ரவிக்கையை எடுத்து மீதிக் கொக்கிகளை வைக்க உட்கார்ந்தேன்.